மூணு தடவை ஒளு

மூணாவது புள்ள பொறந்து நாப்பதாம் நாள் தலைக்கு ஊத்திக்கிட்டு தொழுகைக்குப் பாய் விரிச்சேன். எழுபதுகளோட கடைசி அது. எங்க ஜனத்துல புள்ள பெத்தவ நாப்பது நாள் தொழக்கூடாது, அன்னிக்குத்தான் மறுபடி ஆரம்பிக்கணும். நெத்திய தரையில வைக்கக் குனிஞ்சேன். கொஞ்சம் மூத்திரம் வந்துடுச்சு. அப்புறம் தும்மினா வந்துது, இருமினா வந்துது, குடத்தைத் தூக்கினா வந்துது.

தொழறதுக்கு முன்னாடி கை, வாய், முகம், காலுனு வரிசையாக் கழுவறோம் பாருங்க, அதுக்குப் பேரு ஒளு. ஒரு சொட்டு மூத்திரம் வந்தாலும் அது முறிஞ்சிடும், மொதல்லேர்ந்து கழுவணும். நானும் கழுவினேன், குனிஞ்சேன், முறிஞ்சுது. ரெண்டே வாரத்துல வெறுத்துப்போய் வுட்டுட்டேன். தொழாம இருந்தா வீட்ல கேப்பாங்க இல்ல? அதனால வேளாவேளைக்குப் பாயில நின்னு சும்மா குனிஞ்சு நிமிந்தேன். படைச்சவனையே ஏமாத்துறோமேனு உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டே இருப்பேன். இப்படியே செத்துட்டா என் கதி என்னாகும்? அந்த பயந்தான் என்னைத் தின்னுச்சு. மானம் போறதெல்லாம் அதுக்கப்புறம்.

மாமி வேற. என் மாமியாரைச் சொல்றேன். ஒரு வேளைத் தொழுகைக்கு மூணு தடவை ஒளு செய்வாங்க. பாதியில எழுந்து கெணத்தடிக்குப் போயி மறுபடி கழுவிக்கிட்டு வருவாங்க. மேல எப்பவும் அத்தர் வாசனை. "அந்தம்மாவுக்கு எவ்ளோ பக்தி பாரு"னு தெருவே மெச்சும். கெணத்துல அடி தெரியற சித்திரை மாசத்துலயும் அவங்களுக்கு நான்தான் தண்ணி சேந்தணும். கயித்தை இழுக்க இழுக்க என் உள்பாவாடை நனையும். கெழவிக்கு பக்தி ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சுனு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இழுப்பேன்.

கம்மியாக் குடிச்சா கம்மியா வரும்னு தண்ணியைக் குறைச்சேன். வெயில் காலத்துல மலைப்பாறை சூடு ராத்திரி வரைக்கும் அடங்காத ஊரு இது. அதுல நாளைக்கு ரெண்டு டம்ளர் குடிச்சா உடம்பு சும்மா இருக்குமா? நீர்க்கடுப்பு வந்துது, குளிர்ஜுரம் வந்துது. வீட்டுக்காரர் தேரடிகிட்ட டிரங்குப்பெட்டி செய்யறவரு. தகரம் தட்டித் தட்டி காது மந்தம். அவருக்கு இதை விளங்க வைக்கணும்னா தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தணும். ஜுரம்னு மட்டும் சொன்னேன்.

காட்டப் போன லேடி டாக்டர் ஜுரத்துக்கு மாத்திரை குடுத்துட்டு, மத்ததையும் என் வாயிலேர்ந்து கேட்டு வாங்கிட்டாங்க. வேலூர் ஆஸ்பத்திரியில இதுக்குப் பயிற்சி சொல்லிக் குடுப்பாங்கனு சீட்டு எழுதினாங்க. பழம்புடவையை உள்ள மடிச்சு வெச்சுக்கிட்டு பஸ் ஏறினேன். போளூர் தாண்டறதுக்குள்ள அது நனைஞ்சு, உக்காந்திருந்த சீட்டும் ஈரமாயிடுச்சு. இறங்கறப்போ திரும்பிப் பாக்கல. அன்னிக்கு அந்த பஸ் எங்கயாவது கவுந்துடக்கூடாதானு நெனச்சேன்.

பயிற்சி குடுத்தது சின்னப் பொண்ணு, மலையாளம் கலந்த தமிழ். மல்லாக்கப் படுக்க வெச்சு முட்டியை மடக்கச் சொல்லிட்டு, "மூத்திரத்தை அடக்கற எடத்தை இறுக்குங்க"ன்னுச்சு. மூச்சைப் புடிச்சு இறுக்கினேன். "அய்யோ, கீழ தள்ளறீங்களே. மேல தூக்கணும்."

எனக்கு அதுதானே தெரியும்? மூணு புள்ளைக்கும் "முக்குடி, முக்குடி"ன்னுதான் மருத்துவச்சி கத்தினா. பெத்து முடிச்சப்புறம் உள்ள தூக்கற வேலை ஒண்ணு இருக்குனு ஒருத்தியும் சொல்லல. வயிறு அசையக்கூடாது, மூச்சு நிக்கக்கூடாது, பத்து எண்ணற வரைக்கும் புடிச்சு வுடணும். வேளைக்குப் பத்து தடவை, நாளைக்கு மூணு வேளை. தண்ணி நல்லாக் குடிக்கணும். பலன் தெரிய சில மாசம் ஆகும்னுச்சு அந்தப் பொண்ணு.

வீட்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு தொழுகைப் பாயிலயே படுத்து செஞ்சேன். மொத மாசம் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது மாசமும் இல்ல. படுத்தபடியே அழுவேன், காதுல கண்ணீர் எறங்கும், அதோட பத்து எண்ணுவேன். நாலாவது மாசம் ஒரு நாள் தண்ணி சேந்தி முடிச்சுப் பாக்கறேன், துணி காஞ்சே இருந்துது. அப்படியே ஒளு செஞ்சு நெசமாத் தொழுதேன். குனிஞ்சவ ரொம்ப நேரம் எழுந்திருக்கல.

அந்த வாரமே மாமி புடிச்சுட்டாங்க. "தொழுகைப் பாயில மல்லாந்து படுத்துக்கிட்டு என்னாடி பண்றே? ஜன்னல்ல பாத்தேன்."

எனக்கு சுருக்குனு கோவம். பிரசவத்துலேர்ந்து பஸ் சீட்டு வரைக்கும் எல்லாத்தையும் கொட்டிட்டேன். திட்டப் போறாங்கனு நின்னேன். மாமி சுவத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க.

"எத்தினி மாசத்துல நின்னுச்சுனு சொன்ன?"

"நாலு மாசங்க."

"உன் வீட்டுக்காரன் பொறந்ததுலேர்ந்து எனக்கு இருக்குது."

மூணு தடவை ஒளு எதுக்கு, அத்தர் எதுக்குனு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. நான் திட்டிக்கிட்டே சேந்தி ஊத்தின அத்தனை தண்ணியும் அதுக்குத்தான் போயிருக்கு. அவங்க மூஞ்சைப் பாக்க முடியல.

அன்னிக்கு ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு பக்கத்துல பக்கத்துல படுத்தோம். மாமி மூச்சைப் புடிச்சாங்க. "கீழ தள்ளாதீங்க மாமி. மேல தூக்குங்க"னேன். ஒரு வருஷம் செஞ்சாங்க, நிக்கல. கர்ப்பப்பையே கீழ எறங்கிடுச்சு, ஆபரேஷன்தான் வழினு டாக்டரம்மா சொன்னாங்க. மாமி மாட்டேன்னுட்டாங்க. "இத்தினி வருஷம் மறைச்சதை இப்ப ஊருக்குக் காட்டவா?"

எண்பதுகள்ல மாமி மவுத்தானாங்க. மய்யத்தை, அதாவது எறந்தவங்க உடம்பைக் குளிப்பாட்ட வந்த அம்மாவுக்கு நான்தான் கூட நின்னேன். சேலையை எடுத்தா உள்ள மடிச்ச துணி, என் பழைய புடவையிலேர்ந்து கிழிச்சது. அந்தம்மா பாத்துட்டு சாதாரணமாச் சொன்னாங்க: "அடக்க முடியாதவங்களுக்கு ஒரு வேளைக்கு ஒரு ஒளு போதுமே. நடுவுல வந்தாலும் பரவாயில்ல, தொழுகை சேரும். யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா?"

கேக்க வாய் வரல அவங்களுக்கு. எனக்கும் வரலையே.

மய்யத்துக்கும் ஒளு செய்யணும். நானே செய்யறேன்னு சொம்பை வாங்கிக்கிட்டேன். கை, முகம், கால். ஒரே ஒரு தடவை. அது முறியல.