தொண்ணூற்று நான்கு பாகையில் கொதித்த தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன், பனி விலகாத ஒரு பெப்ரவரிக் காலையில், இலங்கை மலையகத்தில் ராகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நடந்தது இது. நான் அங்கே விஞ்ஞான ஆசிரியை. தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞான முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கேள்வி, கருதுகோள், பரிசோதனை, அவதானம், முடிவு என்று வாயால் ஒப்பித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அதனால் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கிறது என்று அளக்கும் செய்முறையை வைத்தேன். அளக்கத் தொடங்கும் முன்பே, நீரின் கொதிநிலை நூறு பாகை செல்சியஸ் என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியும் போட்டேன். கருதுகோள் எப்படி எழுதுவது என்று காட்டத்தான். என் கையெழுத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தச் செய்முறையில் ஒரு விஷயம் தங்கியிருந்தது. நுவரெலியாவில் நடக்கவிருந்த மாணவர் விஞ்ஞானப் போட்டிக்குத் தரம் எட்டிலிருந்து ஒருவரைத்தான் அனுப்பலாம். இரண்டு பெண் பிள்ளைகள் சரிக்குச் சமமாக நின்றார்கள். ஒருத்தி எப்போதும் முன்வரிசை வாங்கில் உட்காருபவள், கேட்டவுடன் விடை சொல்பவள். மற்றவள் மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து நடந்து வருபவள். விடை சொல்வதைவிடக் கேள்வி கேட்பதுதான் அதிகம். யாருடைய அறிக்கை நன்றாக இருக்கிறதோ அவளை அனுப்புவேன் என்று சொல்லியிருந்தேன்.

ஆறு குழுக்கள் அளந்தன. ஐந்து குழுக்கள் நூறு என்று எழுதின. மேல் லயத்துப் பிள்ளையின் குழு மட்டும் தொண்ணூற்று நான்கு என்று எழுதியிருந்தது.

"அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது டீச்சர். தண்ணி கொதிச்சுக்கிட்டேதான் இருக்கு" என்றாள்.

திருத்தி எழுது என்றேன். எழுத மாட்டேன் என்றும் சொல்லவில்லை, எழுதவும் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் அவள் அறிக்கையில் சிவப்புக் கோடு இழுத்து, 'கவனயீனம்' என்று எழுதினேன். அன்றைக்கே முன்வாங்குப் பிள்ளையின் பெயரைப் பாடசாலை அதிபரிடம் கொடுத்தேன்.

அதன் பிறகு இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய அம்மா வந்தார். கொழுந்து நிறுத்த கையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வகுப்பு வாசலில் நின்றார்.

"சேட்ட பண்ணுனான்னா சொல்லுங்க டீச்சர், நானே நாலு போடுறேன். ஆனா பாக்காதத பாத்தேன்னு எழுதுற புள்ள இல்ல அவ. ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு அழுவுறா."

நான் சமாதானமாக, தண்ணீர் நூறில் கொதிக்கும் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று விளக்கினேன்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நா கொழும்புல ஒரு வீட்டுல வேல செஞ்சேன். அங்க பருப்பு சட்டுன்னு வெந்துரும். இங்க எவ்வளவு கொதிச்சாலும் வேகாது. மலையிலருந்து வர்ற நம்ம பீலித் தண்ணி அப்பிடின்னுதான் நாங்க சொல்லிக்கிறது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயரம் கூடினால் வளிமண்டல அமுக்கம் குறையும், அமுக்கம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்று தரம் பதினொன்றுக்கு வருடா வருடம் நோட்ஸ் கொடுப்பவள் நான். உதாரணத்துக்கு எவரெஸ்ட் சிகரத்தை எழுதச் சொல்வேன். நானே ஒரு மலை மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது ஒரு நாளும் தோன்றியதில்லை. பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீரில்தான் தேத்தண்ணி குடிக்கிறேன், ஒரு தடவைகூட வெப்பமானியை வைத்துப் பார்த்ததில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டு, மகளை மறுநாள் அனுப்பச் சொன்னேன். வந்தாள். அவளிடமும் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் காரணத்தைச் சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம். இவர்களாகவே கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போமே என்ற ஆவல் இன்னொரு பக்கம். எல்லாக் குழுக்களையும் மறுபடி அளக்கச் சொன்னேன். ஆறு மேசையிலும் தொண்ணூற்று நான்குதான். அப்படியானால் போன கிழமை நூறு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் வற்புறுத்தவில்லை.

அதன் பிறகு வகுப்பு களைகட்டியது. வெப்பமானி பழுது என்றான் ஒருவன். தரம் பத்தின் வெப்பமானிகளை வாங்கிப் பார்த்தோம், அதே தொண்ணூற்று நான்கு. பீலித் தண்ணியில் ஏதோ இருக்கிறது என்றார்கள். டவுன் கடையில் போத்தல் தண்ணீர் வாங்கிப் பார்த்தோம், அதுவும் அதே. மதுசார விளக்குக்குச் சூடு போதாது என்று விறகு அடுப்பில் கேத்தலை வைத்தோம். தண்ணீர் பொங்கி வழிந்ததே தவிர வெப்பமானி அசையவில்லை. கடைசியில் மேல் லயத்துப் பிள்ளைதான் எழுந்தாள்.

"தண்ணிய மாத்தியாச்சு, வெப்பமானிய மாத்தியாச்சு, அடுப்ப மாத்தியாச்சு. எடத்த மட்டும் இன்னும் மாத்தலையே டீச்சர். கொழும்புல கொதிக்க வச்சுப் பாக்கணும்."

கொழும்புக்குப் பக்கத்தில், கடலோரத்து வத்தளையில் என் அக்கா இருக்கிறார். அந்த வார இறுதியில் போவதாக ஏற்றுக்கொண்டேன். பிள்ளைகளா விடுவார்கள்? ஒரு போத்தலில் பீலித் தண்ணீரைப் பிடித்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, டேப்பின் மேல் ஆறு குழுவும் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். அதே வெப்பமானியைத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். இன்னொரு நிபந்தனையும் போட்டார்கள்: அளவை நான் வாசிக்கக் கூடாது. எத்தனை வர வேண்டும் என்று தெரியாத ஒருவர்தான் வாசிக்க வேண்டுமாம். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் அவர்களுக்குக் காட்டியதில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளே சுருக்கென்றும் இருந்தது.

வத்தளைக் குசினியில் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "தொண்ணூத்தொம்பதரை. நூறுன்னே வச்சுக்கவா?" என்றார். வேண்டாம் அக்கா, கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள் என்று நான் சொன்ன வேகத்தில் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திங்கட்கிழமை அக்கா எழுதித் தந்த சீட்டை வகுப்பில் ஒட்டி, உயரமும் அமுக்கமும்தான் காரணம் என்பதையும் சொன்னேன். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். இடைவேளையில் முன்வாங்குப் பிள்ளை தனியாக என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், போட்டிக்கு அவளே போகட்டும். அன்னைக்கி எனக்கும் தொண்ணூத்தி நாலுதான் வந்துச்சு."

"பெறகு ஏன் நூறுன்னு எழுதுன?"

"நீங்கதான் போர்டுல எழுதிட்டீங்களே. வேற எழுதுனா நீங்க ஏசுவீங்கன்னு நெனச்சேன். அவளத்தான் ஏசுனீங்க."

இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அதிபரிடம் போனேன். தவறு என்னுடையது என்று சொல்லிப் பெயரை மாற்றச் சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே வலயக் கல்வி அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினார். மேல் லயத்துப் பிள்ளை அந்தப் போத்தலையும் வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனாள். போட்டி மண்டபத்தில் அடுப்பு மூட்ட விடவில்லை, பரிசும் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக்க, நுவரெலியாவில் எத்தனை பாகையில் கொதிக்கும் என்றுதான் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அன்று ஐந்து குழுக்கள் பொய் எழுதின என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. என்னிடம் எதைச் சொன்னால் பிழைக்கலாம் என்பதை அந்தப் பிள்ளைகள் துல்லியமாக அவதானித்திருந்தார்கள், அந்தப் பாடத்தை நடத்தியதும் நான்தான். இப்போதெல்லாம் ஒரு மேசையில் மட்டும் வேறு இலக்கம் வந்தால், சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அந்த மேசையில் போய் உட்காருகிறேன்.