கடல்கட்டியின் குடில்

மூலை உடைந்த ஒரு சிலேற்று. பள்ளிக்கூடத்துப் பெரிய ரீச்சர் அதை என் மடியில் வைத்து, "கதைக்க ஏலாட்டிப் பரவாயில்லை பிள்ளை, எழுது" என்றா. நான் ஒரு சொல்லும் பேசாமல் அப்போது மூன்று மாதமாகியிருந்தது. பேய் பிடித்துவிட்டது என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு நூல் கட்ட அலைந்தா. பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு நடந்தே போகிறவ ரீச்சர். "பேயும் வரட்டும், அதுக்கும் வகுப்பு வாங்கில இடமிருக்கு. பிள்ளையை அனுப்புங்கோ" என்று அம்மாவை ஏசித்தான் என்னைக் கூட்டிப் போயிருந்தா.

"அப்பாவை நான் கொன்றுபோட்டன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் எழுதினேன்.

எங்கள் ஊர் அரிப்பில் முத்துக்குளிப்புக் காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். முத்தெடுக்க மூழ்கும் குளிகாரர் கரைக்கு வரும்வரை அவர் ஒரு குடிலுக்குள் கதவடைத்து, பட்டினியிருந்து, மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டுவார். அந்தக் கதவை ஒருவரும் தட்டக்கூடாது. தட்டினால் கட்டு அவிழ்ந்துவிடும். அப்பாவும் ஒரு குளிகாரர். எனக்கு அப்போது எட்டு வயது. பொறுமை அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. கொளுத்தும் வெயிலில் போய்த் தட்டி, "அப்பா எப்ப வருவார்?" என்று கேட்டேன். "வாறன் பிள்ளை" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. தொண்டையில் தண்ணீர் நின்றது போன்ற குரல். பிறகு வள்ளம் வந்தது, அப்பா வரவில்லை. சுறா கொண்டுபோய்விட்டது.

ரீச்சர் வாசித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே கடல்கட்டியின் வீட்டுக்குப் போனா.

"இவள் தட்டினதாலதான் கட்டு அவிழ்ந்ததோ? உண்மையைச் சொல்லுங்கோ."

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "ரீச்சர், அண்டைக்கு எனக்குச் சரியான காய்ச்சல். விடியவே குடிலைச் சாத்திப்போட்டு வீட்டை வந்து படுத்திட்டன். தெரிஞ்சால் குளிகாரர் கடலில இறங்கமாட்டினம் எண்டு ஆருக்கும் சொல்லேல்லை. உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை. பிழை என்ரைதான்."

"கேட்டியோ? உன்னில ஒரு பிழையும் இல்லை" என்றா ரீச்சர். அந்த ஒரு சொல்லுக்காகச் சாகும்வரை அவவைக் கும்பிடுவேன். நெஞ்சு லேசாகியது. வாய் தானாகத் திறந்தது.

"அப்ப எனக்குப் பதில் சொன்னது ஆர்?"

"ஐயோ, பிள்ளை கதைச்சிட்டுது!" என்று ரீச்சர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. நான் என்ன கேட்டேன் என்பதை அவ கவனிக்கவேயில்லை. கடல்கட்டி கவனித்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.