பூசணம் பிடித்த சோளத்தீவனம்

செய்யூர் பக்கம் எட்டுக் கறவை மாடுகள் வைத்திருந்த காலம். மக்காச்சோளத்தைத் தட்டையோடு நறுக்கி, குழியில் அழுத்தி, தார்ப்பாய் மூடிப் புளிக்கவைத்து, சைலேஜாக விற்பேன். ஒருமுறை பாய் கிழிந்து, மூலையில் பூசணம் பிடித்துவிட்டது. மேலாக வழித்தெறிந்துவிட்டு, மிச்சத்தை, வழக்கமாக என்னிடம் வாங்கும் எஸ்தர் அக்காவுக்கும் ஆறுமுகம் அண்ணனுக்கும் மூட்டை கட்டி அனுப்பினேன். இருவர் மாடும் சினை. என் மாடுகளுக்கு அதைப் போடவில்லை.

மதியம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். பூசணத் தீவனத்தால் சினை கலையலாம் என்று எனக்குத் தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். கொட்டகை வாசலில் மூட்டையைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

“மாட்டுக்குப் போட்டுட்டியாக்கா?”

“இல்ல. புளிப்பு வாசனையே வரல, மக்கின வாடை அடிக்குது.”

“தெரிஞ்சேதான் அனுப்பினேன்க்கா.”

“வேற யாருக்குக் குட்த்த?”

“ஆறுமுகம் அண்ணனுக்கு.”

“அப்ப இங்க இன்னாத்துக்கு நின்னுகினு கீற? போய்ச் சொல்லு.”

போனேன். அண்ணனின் மாடு தின்று முடித்திருந்தது. “தீவனம் நல்லா தின்னுச்சுப்பா” என்று சிரித்தார். உண்மையைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். ஏதாவது சாக்கு சொல்லித் தினமும் போய் அந்த மாட்டைப் பார்த்தேன்.

கன்று நலமாகவே பிறந்தது. அது எழுந்து நின்ற பிறகுதான் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் மன்னித்துவிட்டார். கன்று செத்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.