சாவியக்கா

அந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளையை விட வரும் அம்மாக்களின் வீட்டுச் சாவியை ஆயா பிடுங்கி வைத்துக்கொள்கிறாளாம் என்று சக ஊழியை சொன்னாள். அவளும் யாரோ சொல்லிக் கேட்டவள்தான். புது ஊர், புது வேலை. மகளை விட்டுவிட்டுப் போக வேறு இடமும் இல்லை.

மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், சாவியை அழுகிற பிள்ளையின் கையில்தான் கொடுக்கச் சொன்னாள் ஆயா.

"இது இல்லாம அம்மா எப்படி வீட்டுக்குள்ள போவாங்க? இங்க வந்துதானே ஆகணும்!"

என் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். நான் மெல்ல நழுவினேன்.

"என்னம்மா, திருட்டுப் பூனை மாதிரி போறீங்க? முகத்தைப் பாத்து சொல்லிட்டுப் போங்க. அழட்டும், நான் இருக்கேன்."

அன்றிலிருந்து எங்களுக்கு அவள் சாவியக்கா.

இன்று மாலை நான் போனபோது, என் மகளோடு இன்னொரு சிறுமியும் காத்திருந்தாள். மற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். வாசல் விளக்கும் போட்டாகிவிட்டது. அந்தச் சிறுமியின் அம்மாவைக் காணோம்.

"சாவி என்கிட்ட இருக்கே. அம்மா எங்க போயிடுவாங்க?" என்று அந்தச் சிறுமி சாவியை ஆட்டிக் காட்டினாள்.

சாவியக்கா போனைக் காதில் வைத்தபடி என் பக்கம் திரும்பி முணுமுணுத்தாள்: "எந்த வீட்டுலம்மா ஒரே ஒரு சாவி இருக்கு?"

"இதோ வந்துடுவாங்கன்னு சொல்லிடுங்களேன்" என்றேன்.

"தெரியாததைச் சொல்லிட்டா, நாளைக்கு என் பேச்சை எந்தப் பிள்ளை நம்பும்?"

சிறுமியின் அருகில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா இன்னும் போனை எடுக்கலடி, கண்ணு. அவங்க வர்ற வரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன்."

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நானும் அங்கேயே உட்கார்ந்தேன். சாவியக்கா மறுபடி எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.