முள்ளெலிப் பாட்டில் ஒன்று, ஐந்து, ஏழு

1. மூன்று விதிகள்

ஸ்டூடியோவில் என் முதல் நாள், முதலாளி டெரக் மூன்று விதிகள் சொன்னார். டேப்பைத் தொடுமுன் கை கழுவ வேண்டும். வெட்டி எடுத்த டேப் துண்டுகளைப் படம் முடியும்வரை எறியக்கூடாது. பழைய முள்ளெலி டேப்புகளைப் பாதி வேகத்தில் ஓட்டவே கூடாது.

முதல் இரண்டும் எல்லா ஸ்டூடியோவிலும் உள்ளவை. மூன்றாவதற்குக் காரணம் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

“பழைய டேப். மெதுவா ஓட்டினா இழுபட்டுப் போயிடும்.”

மெதுவாக ஓடினால் டேப் இழுபடாது. கொழும்பில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவளுக்கு அது தெரியும். ஆனால் என் விசா இந்த வேலையில்தான் தொங்கியது. வாயை மூடிக்கொண்டு நோட்டில் மட்டும் எழுதினேன்: “மூன்றாம் விதி. ஏன்?”

அது 1986. ஸ்டூடியோ கிளென் ஈடன் என்ற புறநகரில் ஒரு பழைய கிடங்கில் இருந்தது. கீழே ஒலிப்பதிவு, மாடியில் கார்ட்டூனுக்கு வண்ணம் தீட்டும் அறை.

மூன்று முள்ளெலிகளும் முதலில் பாடியது, புக்கெகோஹி என்ற ஊரில் விளையும் காரட்டுக்கான ரேடியோ விளம்பரத்தில். அரை நிமிடப் பாட்டு. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு இசைத்தட்டு, டிவியில் குட்டிக் கார்ட்டூன், சாப்பாட்டுப் பெட்டியில் படம். இப்போது முழுநீளத் திரைப்படம். மூன்று குரலும் தன்னுடையவை என்று டெரக் எல்லோரிடமும் சொல்வார். செய்முறை எளிது. மெஷினைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு மெதுவாகப் பாட வேண்டும். பதிவானதை முழு வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சென்று உயரும். மூன்று தடவை பாடி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மூன்று முள்ளெலி.

பழைய டேப்புகளைப் பிரதி எடுத்து, படத்துக்காகச் சுத்தம் செய்வது என் வேலை.

2. டிக்

பாட்டு வரிகளுக்குள்ளே அங்கங்கே ‘டிக்’ என்று ஒரு சத்தம் இருந்தது.

“மெஷின் கோளாறு. வெட்டி எடு,” என்றார் டெரக்.

பிரதியிலிருந்து பிளேடால் வெட்டினேன். ஒவ்வொரு துண்டிலும் ரீல், வரி, அந்த வரியின் எட்டு எண்ணிக்கையில் எத்தனையாவது என்று பென்சிலால் எழுதி, அலமாரி விளிம்பில் ஒட்டிவைத்தேன். இரண்டு ரீல் முடிந்ததும் எண்களை ஒருமுறை வாசித்தேன். எல்லாம் ஒன்று, ஐந்து, ஏழு. மெலிந்த சத்தங்கள் ஆறிலும் எட்டிலும். இரண்டு, மூன்று, நான்கில் ஒன்றுகூட இல்லை.

மெஷின் கோளாறுக்கு எண்ணத் தெரியாது.

தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. விரல் மடக்கும்போது சத்தம் வராது. பாட்டு வகுப்பில் ஏழு வருடம் என் தொடையில் நானே போட்ட ஆதிதாளம் இது. டெரக்குக்கோ பென்சிலால் மேசையில் நாலு அடி சீராகத் தட்ட வராது.

3. சனிக்கிழமை

படத்தின் முடிவுக்குப் புதிதாக ஒரு பாட்டு வேண்டியிருந்தது. தொண்டை சரியில்லை என்று டெரக் மூன்று முறை தள்ளிப்போட்டார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, “மெஷினைப் பாதி வேகத்தில வைச்சிட்டுப் போ. நாளைக்கு ஒருத்தரும் வர வேண்டாம்,” என்றார்.

திங்கட்கிழமை காலையில் புது டேப் மேசையில் இருந்தது. டிக் இல்லை. ஆனால் ஒன்று, ஐந்து, ஏழில் மெத்தென்று ஓர் அடி. யாரோ கையிலிருந்ததைக் கழற்றிவைத்துவிட்டுத் தாளம் போட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் விதியை மீறி ஒரு பழைய டேப்பை மாட்டினேன். பாதி வேகத்தில் ஒரு பெண் நிதானமாகக் காரட்டைப் பற்றி ஆங்கிலத்தில் பாடினார்.

என்னைத் தவிர ஸ்டூடியோவில் பெண்கள் வேலை செய்தது மாடியில்தான். மேலே போனேன். ஃபிஜியிலிருந்து வந்த சரோஜா அக்கா முள்ளெலியின் வாய்க்குச் சிவப்பு தீட்டிக்கொண்டிருந்தார். ரேடியோ ஓடியது. இடது கை தொடையில் தட்டியது. அதில் கண்ணாடி வளையல்.

“அக்கா, சனிக்கிழமை வளையலைக் கழட்டிப்போட்டோ பாடினீங்கள்?”

தூரிகை நின்றது. “யாரு சொன்னா?”

“உங்கட கைதான்.”

தன் தொடையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எங்க ஊரு நாந்தியில கோயில் பஜனையில ஒட்டிக்கிட்ட பழக்கம், பொண்ணு. தாளம் போடலன்னா எனக்குத் தொண்டையே தொறக்காது. கைய ஆட்டாதன்னு டெரக் பத்து வாட்டி சொன்னாரு.”

“அப்ப முள்ளெலி மூண்டும் நீங்கள்தானோ?”

“ஆமா, மூணும் நான் பெத்ததுதான். அப்பன் பேரு மட்டும்தான் ஊர்ல தெரியும்.”

எனக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. இரண்டாவது வரியை மட்டும் பாடச் சொன்னேன். டேப்பில் வழுக்கிய அதே இடத்தில் குரல் வழுக்கியது.

முதல் பாட்டுப் பாடியபோது அவர் கீழே போன் எடுக்கும் வேலையில் இருந்தார். பாட்டு பிரபலமானதும் டெரக் அவரை மாடிக்கு மாற்றிவிட்டார்.

“விளம்பரத்துக்கு யாரு பேரு போடுவாங்கன்னாரு. படம்னா போடுறேன்னாரு. போன வாரம் கேட்டா, முள்ளெலிக்கு இந்தியப் பேரான்னு சிரிக்கிறாரு.” தூரிகையைக் கழுவப் போட்டார். “எம் பொண்ணு ஸ்கூல்ல சொல்லியிருக்கா, எங்கம்மாதான் பாடினதுன்னு. பொய் சொல்லாதன்னு டீச்சர் உக்கார வெச்சுட்டாங்க.”

4. பாடியவர்

ஒவ்வொரு ரீலுடனும் டிரான்ஸ்பர் ஷீட் என்று ஒரு விவரத் தாள் போகும். வேகம், நீளம், பழுது, பாடியவர் என்று கட்டங்கள். கையெழுத்து என்னுடையது. ‘பாடியவர்’ கட்டத்தை மட்டும் டெரக் பிறகு நிரப்புவார். படத்தில் வேலை செய்தவர்களின் பெயரைத் திரையில் காட்டும் அட்டை அதைப் பார்த்துத்தான் தயாராகும். அந்த வெள்ளிக்கிழமை அட்டை அச்சுக்குப் போக இருந்தது.

“நான் எழுதட்டோ, அக்கா?”

“ஒன் விசா?”

“அது என்ர பாடு.”

வளையலைச் சுற்றியபடி சொன்னார். “எழுதுறதா இருந்தா முழுப் பேரையும் எழுது. பாதிப் பேரு வேணாம்.”

வியாழக்கிழமை தயாரிப்பாளர் மார்கரெட் வந்திருந்தபோது அக்காவின் முழுப் பெயரை நான் எழுதியிருந்த ஷீட்டை டெரக் தூக்கிக் காட்டினார்.

“இந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னது யார்?”

“கையெழுத்து என்னுடையது. வெறுங்கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட மாட்டேன்,” என்று சொல்லி மெஷினைப் பாதி வேகத்துக்கு மாற்றினேன்.

“டேப் இழுபடும்!”

“பிரதிதானே, இழுபடட்டும்,” என்றார் மார்கரெட்.

மெஷினில் இருந்த மூன்றாவது ரீலை நான் இன்னும் வெட்டியிருக்கவில்லை. அறை முழுக்கச் சரோஜா அக்காவின் குரல் மெதுவாக வந்தது. ஒன்று, ஐந்து, ஏழில் வளையல். பாட்டு முடிந்ததும் மார்கரெட் டெரக் பக்கம் திரும்பினார்.

டெரக் முந்திக்கொண்டார். “குரலை உண்டாக்கினது நான். பாடினேன் எண்டு எப்ப சொன்னேன்?”

“எல்லாப் பேட்டியிலும்,” என்றார் மார்கரெட். என்னிடம் திரும்பி, “அது என்ன சத்தம்?” என்றார்.

“தாளம்.”

“நான் கேட்ட முதல் இரண்டு ரீலில் இல்லையே. யார் வெட்டினது?”

“நான்தான்.”

அலமாரி விளிம்பில் துண்டுகள் எண் வரிசையில் இருந்தன. மார்கரெட் சொன்னபடி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் திரும்ப ஒட்ட எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

5. புதிதாக வருகிறவர்களுக்கு

ஒரு சத்தத்தை வெட்டுமுன் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வெட்டியதை எறியாதீர்கள். கையெழுத்து உங்களுடையது என்றால் கட்டமும் உங்களுடையது.

டெரக் என் வேலையைப் புதுப்பிக்கவில்லை. மார்கரெட் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு வேறு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். அங்கும் முதல் நாள் விதிகள் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டுத்தான் நோட்டை மூடினேன்.

படம் வெளியான நாள் அக்காவும் மகளும் நானும் ஒரே வரிசையில் இருந்தோம். முழுப் பெயரும் திரையில் வந்தது. டெரக்கின் பெயரைவிடச் சின்ன எழுத்து. அக்கா என் பக்கம் சாய்ந்து, “கண்ணாடி கொண்டு வந்திருக்கணும்,” என்றார். மகள் எழுந்து நின்று அதைச் சத்தமாக வாசித்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.