தொரை மீனுக்கு ஒரு பீலி

மானியத்தில் ஓடும் உத்தியோகம் என்றால் ஆறு மாதம் வேலை செய்வது, அடுத்த ஆறு மாதம் அந்த வேலையைச் செய்தோம் என்று எழுதுவது. இப்படி எழுதியே வயிறு வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பெஞ்சில் எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். நானும் உங்கள் கூட்டம்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எனக்குக் கிடைத்த வேலைக்கு ஆங்கிலத்தில் முழநீளப் பெயர் இருந்தது. தமிழில் சொன்னால் ஓடைக் காவல். துரைமார் தூண்டில் போட்டு விளையாடுவதற்காக ஒரு காலத்தில் சீமையிலிருந்து ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து எங்கள் மலை ஓடைகளில் விட்டிருந்தார்கள். துரைமாரில் பலர் கப்பலேறிவிட்டார்கள், மீனும் குறைந்துவிட்டது. மிச்சமிருந்தவர்கள் நடத்திய தூண்டில் சங்கம், கொழும்பில் ஓர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டு மானியம் வாங்கியது. ஓடையைச் சீர்படுத்தி மீனைப் பெருக்க ஒரு பங்கு. ஓடையை அசுத்தப்படுத்தாதீர்கள் என்று தோட்டத்து ஜனங்களுக்குப் பாடம் சொல்ல ஒரு பங்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆள், நான். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்த ஜனங்கள் அந்த மீனைத் 'தொரை மீன்' என்றார்கள். என்னை 'மீன் கணக்கப்பிள்ளை' என்றார்கள்.

படம் காட்டிய பாடம்

முதல் பாடத்தை மேல் லயத்து வாசலில் நடத்தினேன். வந்தால் அரைப்பேர் போடுவார்கள், அதாவது பாதி நாள் சம்பளம் உண்டு என்று கங்காணி சொல்லி வைத்திருந்ததால் நல்ல கூட்டம். ட்ரவுட் மீனின் வர்ணப் படத்தைக் கதவில் மாட்டினேன். சவர்க்காரத் தண்ணீர் பட்டால் முட்டை செத்துவிடும், ஓடையில் துணி துவைக்காதீர்கள், பாத்திரம் கழுவாதீர்கள், பிள்ளைகளை ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

இருளாயி மட்டும் ஆட்டவில்லை. கொழுந்து எடுக்கிறவள், முப்பது வயதிருக்கும். அந்த லயத்துக்குத் தோட்டம் பைப் போட்டதே இல்லை. மேலே பாறையிடுக்கில் ஓர் ஊற்று. அதிலிருந்து பிளந்த மூங்கிலை ஒன்றோடொன்று சேர்த்து லயத்துக்குப் பின்னால் தண்ணீர் விழ வைத்திருந்தார்கள். அதுதான் அவர்களுடைய பீலி. பெருமழையில் மண் சரிந்தால் மூங்கில் முறியும். திருத்திக் கட்டும்வரை ஓடைத் தண்ணீர்தான் குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும். முந்தின வருஷம் அப்படி ஒரு வாரம் ஓடைத் தண்ணீர் குடித்ததில் இருளாயியின் மகன் வயிற்றோட்டத்தில் போய்விட்டான். மிச்சம் பவளம் என்று ஆறு வயது மகள் ஒருத்தி.

இருளாயி படத்தைக் கிட்ட வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க சொல்றது எல்லாம் சரிங்க. ஓடைய விட்டா நாங்க எங்க போறதுன்னு அந்தப் படத்துல எங்கயாவது போட்டிருக்காங்களா?"

கழுவிய கற்கள்

சீர்படுத்தும் வேலை என்பது இதுதான். மீன் முட்டையிட ஓடையின் அடியில் சுத்தமான சரளைக் கல் வேண்டும். அது ஒதுங்கி நிற்க ஆழமான குழி வேண்டும். கரையில் நிழலுக்கு மரம் வேண்டும். கங்காணி முத்துவீரன் ஆறு ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு மாதம் முதுகு ஒடிய வேலை செய்தார். ஒவ்வொரு கூடைச் சரளையையும் கழுவிப் போட்டோம். அதே மாதத்தில் மேலே, பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக் கன்று நடுவதற்காக மலையையே வெட்டிப் போட்டிருந்தார்கள். முதல் மழைக்கே சேறு இறங்கி, நாங்கள் பரப்பிய சரளை இருந்த இடம் தெரியாமல் போனது.

காரணத்தை அப்படியே அறிக்கையில் எழுதினேன். சங்கத்தின் செயலாளர் வேறு யாருமில்லை, தோட்டத்தை நிர்வாகம் செய்த, மலையை வெட்டச் சொன்ன பெரியதுரையேதான். அவர் கோபிக்கவில்லை. அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, அதன் மேல் 'தொழிலாளரின் அறியாமை' என்று எழுதினார். பாடத்தை இன்னும் இரண்டு தடவை நடத்தவும் சொன்னார்.

விஷயத்தை முத்துவீரன் கங்காணியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "வெட்டினது தொரை, மூடுனது மழை, பாடம் கேக்குறது நாங்க. சரி தம்பி, கூடைய எடுங்க, கல்லை மறுபடி கழுவுவோம்."

ஒரு கட்டத்தை நிரப்பிய விதம்

இருளாயியின் கேள்வி என்னை விடவில்லை. ஊற்றிலிருந்து இரும்புக் குழாய் போட்டு, லயத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டிக் கொடுத்தால் யாரும் ஓடைப் பக்கம் போகப்போவதில்லை. மீனுக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது. அடுத்த வருஷ மானியத்துக்கு விண்ணப்பம் போகும்போது இதையும் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. திட்டத்தால் பயனடையும் பிரஜைகள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். மேல் லயத்தில் பிரஜை என்று ஒரு குஞ்சும் கிடையாது. அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்தெடுத்து அங்கேயே புதைகிற ஜனங்கள்தான். ஆனால் சட்டப்படி அவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. பூஜ்யம் என்று எழுதினால் குழாய் வராது. இத்தனை பேர் என்று எழுதினால் பொய். பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். படிவம் நிரப்புவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆட்களைப் பற்றி மூச்சே விடாமல், ஊற்றைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னார். அதன்படியே எழுதினேன். தோட்டத்திலேயே சுத்தமான தண்ணீர் இதுதான், கோடையிலும் வற்றாது, ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்கும், இதற்குக் குழாயும் தொட்டியும் போட்டுப் பாதுகாப்பது அவசரம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி ஒரு பக்கம். அதை வைத்துத்தான் பிள்ளைகள் உயிர் பிழைக்கின்றன என்பதை மட்டும் எழுதவில்லை. தொட்டி எங்கே வரவேண்டும் என்றும் எழுதவில்லை. லயத்துக்குப் பின்னால் என்று எழுதினால் லயத்தில் யார் என்று கேட்பார்களே. குழாய் வந்து சேர்ந்தால் போதும், ஜனங்கள் குடித்துக்கொள்வார்கள் என்பது என் கெட்டிக்காரத்தனம்.

கிளாக்கர் அதை வாசித்துத் திருப்திப்பட்டார்: "இதுதான் ஐசே சரி. மீனிட்டை ஒருத்தரும் பிரஜாவுரிமை கேக்கிறேல்லை, நீர் பயப்பிடாமல் அனுப்பும்."

காசிம் நானாவின் பித்தளைக் குழாய்

மானியம் கிடைத்துவிட்டது. குழாய், தொட்டி இரண்டுக்கும் அனுமதி, சாமான்களை வாங்கவும் என்று பெரியதுரையிடமிருந்து இரண்டு வரியில் துண்டுச் சீட்டு வந்தது. அன்று நான் நடந்தேனா பறந்தேனா தெரியாது. மேல் லயத்தில் சொன்னதும் இருளாயி உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கடைத்தெருவில் காசிம் நானாவின் இரும்புக் கடையில் குழாயும் சிமெண்டும் எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை, மேல் லயத்து ஆண், பெண் அத்தனை பேரும் பேர் கேட்காமல், கூலி கேட்காமல், அந்தக் குழாய்களைத் தோளில் போட்டு மலையேற்றினார்கள். பவளம்கூட குழாய்களை இணைக்கிற ஒரு சின்னத் துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

நானா யாருக்கும் எதையும் இலேசில் விட்டுக்கொடுக்கிறவரல்ல. ஒரு ஆணிக்குக்கூட பில் போடுவார். சாமான் எடுத்த அன்று, யாருக்குத் தண்ணீர் என்று விசாரித்தார். சொன்னேன். உள்ளே போய், தொட்டியில் மாட்டித் திருகுகிற பித்தளைக் குழாய் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்து என் கையில் வைத்தார்: "இதை பில்லுல போடல தம்பி. குடிக்கத் தண்ணி குடுக்கிறது பெரிய சதக்கா, அந்த நன்மைல எனக்கும் கொஞ்சம் வரட்டும்."

வரைபடம்

மறுவாரம் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வரைபடத்தோடு வந்தார். சிங்களவர், அமைதியான மனிதர். என்னோடு மலையேறினார், ஊற்றில் கையை நனைத்துப் பார்த்தார், நீங்கள் எழுதியது கொஞ்சமும் மிகையில்லை என்று பாராட்டினார். பிறகு வரைபடத்தை விரித்தார். குழாய் ஊற்றில் தொடங்கி, மேல் லயத்தின் பின்சுவரை ஒட்டிப் போய், நிற்காமல் கீழே இறங்கி, பெரியதுரையின் பங்களாவுக்குப் பக்கத்தில் முடிந்தது. அங்கேதான் தொட்டி. ஐஸ் பெட்டியில் வரப்போகிற ட்ரவுட் முட்டைகளைப் பொரிக்க வைக்கும் தொட்டி. அதற்குச் சுத்தமான, குளிர்ந்த, வற்றாத தண்ணீர் வேண்டுமென்று அவர்கள் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தார்களாம். என் ஒரு பக்கத்தைப் படித்ததும் தேடல் முடிந்துவிட்டதாம்.

தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஊற்று யாருடையது, குழாயைச் சுமந்தது யார், ஓடைத் தண்ணீர் குடித்துச் செத்தது யார் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே என் விண்ணப்பத்தை எடுத்து இரண்டு தடவை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. பெரியதுரையிடம் பேசிப் பார்த்தார். லயத்துக்குத் தண்ணீர் தருவது தோட்டத்தின் பொறுப்பு, மீன் மானியத்தில் கைவைக்க முடியாது என்று துரை சொல்லிவிட்டாராம். தோட்டம் என்றால் யார், அதே துரைதான். மூங்கிலை அன்றைக்கே பிடுங்கினார்கள், தண்ணீர் வீணாகக் கூடாதென்று.

ஜீப்பில் ஏறுமுன் அதிகாரி சிங்களத்தில் சொன்னார்: "இங்கே மனிதர்கள் குடிக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால், நான் இந்தக் கோட்டையே போட்டிருக்க மாட்டேன்."

சாவி

தொட்டியைச் சுற்றி முள்வேலி போட்டு, வாசலுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை என்னிடம் தந்தார்கள். நானாவின் பித்தளைக் குழாயும் வேலிக்கு உள்ளே இருந்தது. முட்டை பொரிந்து ஆயிரக்கணக்கில் நூல் மாதிரிக் குஞ்சுகள். தண்ணீர் குறைந்தால் செத்துவிடும் என்பதால் தொட்டியின் சுவரில் கோடு போட்டு, காலையிலும் மாலையிலும் மட்டம் எழுத வேண்டும். ஆரம்பத்தில் மேல் லயத்துக்காரர்கள் வந்தால் ஆளுக்கொரு குடம் விட்டேன். மட்டம் இறங்கியதைப் பெரியதுரை கண்டுபிடித்தார். இன்னொரு தடவை இறங்கினால் வேறு ஆள் பார்ப்பேன் என்றார். எனக்கும் குடும்பம் இருந்தது. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், முடியவில்லை.

ஆவணி மழையில் ஓடை சேறாக ஓடிய ஒரு மத்தியானம் இருளாயி குடத்தோடு வந்தாள். பவளத்துக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம், காய்ச்சித் தருவதற்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் வேண்டும் என்றாள். அன்று மாலை மானியம் தருகிறவர்கள் குஞ்சுகளைப் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்கள் போனதும் தருகிறேன், பொழுது சாய வா என்றேன். அவள் நகரவில்லை. கெஞ்சவும் இல்லை. என் இடுப்பைப் பார்த்துக் கேட்டாள்: "சாவி ஒங்ககிட்டதானேங்க இருக்கு?"

ஒரு செம்பு

அன்று மாலை அவள் வரவில்லை. விருந்தாளிகள் போனபின் ஒரு குடத்தை நிரப்பி நானே தூக்கிக்கொண்டு மேல் லயத்துக்குப் போனேன். பவளத்தைக் கம்பளியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குடத்தை இருளாயியின் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள், புதைக்க.

எல்லாம் முடிந்த மறுநாள் துக்கம் கேட்கப் போனேன். இருளாயியின் காலில் விழ வேண்டும் என்று நினைத்துப் போனவன், வாசலில் போட்டிருந்த சாக்கில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையேறி வந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. அடுத்த காம்பராப் பெண் ஒருத்தி இரக்கப்பட்டு ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். நான் கையை நீட்டினேன். சுவரோரம் சுருண்டு கிடந்த இருளாயி தலையைத் தூக்கினாள். அவள் குரலில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. வீட்டுக்கு வந்தவனைப் பற்றிய கவலை மட்டும்தான் இருந்தது.

"அவங்களுக்கு அதக் குடுக்காத தாயி, ஓடைத் தண்ணி. அய்யா பைப்புத் தண்ணி குடிக்கிறவங்க, ஒத்துக்காது."

அந்த அரையாண்டு அறிக்கையில் 'உயிரிழப்பு' என்ற கட்டத்தில் மீன் எதுவும் சாகவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதி, அடுத்த வருஷ மானியத்தையும் வாங்கிக் கொடுத்த பெருமைக்குரிய உத்தியோகஸ்தன் நான்.