கணக்கில் வராத கூட்டம்

கூட்டம் என்ற சொல்லைப் போல் என்னை ஏமாற்றிய சொல் வேறில்லை. எங்கள் வாசகர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்த காலமெல்லாம் அதை விதவிதமாக அச்சடித்தேன். செயற்குழுக் கூட்டம், சிறப்புக் கூட்டம், ஆண்டுப் பொதுக்கூட்டம். ஆள் வந்ததென்னவோ இரங்கல் கூட்டங்களுக்குத்தான். செத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நெரிசலுக்கும் நம்மிடம் அதே சொல்தான். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் "என்னா கூட்டம் லா!" என்று அலுத்துக்கொள்ளும் உறுப்பினர்கள், வராததற்கு அதையே காரணமாகவும் சொல்வார்கள்.

சங்கத்தின் அறை லிட்டில் இந்தியாவில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தது. ஞாயிறுதோறும் துவாஸ் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வரும் தம்பிகளுக்கு அதைத் திறந்துவைப்பேன். பேப்பர் படிப்பார்கள், வீடியோ காலில் ஊருக்குப் பேசுவார்கள், ஃபேனுக்கு அடியில் தூங்குவார்கள். அதை விட்டால் அவர்களுக்குப் புல்தரைதான். ஆனால் ஒர்க் பெர்மிட்காரர்களை உறுப்பினராகச் சேர்க்க எங்கள் சட்டதிட்டத்தில் இடமில்லை.

கடைசிப் பொதுக்கூட்டமும் ஒரு ஞாயிறன்றுதான் நடந்தது. அறையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்பதே பேச்சு. முடியும்வரை வெளியே இருக்கச் சொன்னேன். தம்பிகள் முகம் சுளிக்காமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். உள்ளே தலைவர், பொருளாளர், நான்.

"கோரத்துக்கு ஆள் இல்ல லா. அரை மணி நேரம் பார்ப்போம்," என்றார் தலைவர்.

அதற்குப் பிறகும் போதிய ஆள் சேராவிட்டால் இருப்பவர்களை வைத்தே நடத்தலாம் என்பது விதி. அந்த விதியை அன்றுதான் மனமார வெறுத்தேன். யாரும் வரவில்லை.

"ஆளே வராத எடத்துக்கு ரூம் எதுக்குங்க?" என்றார் பொருளாளர்.

"வெளிய படிக்கட்டுல உக்காந்திருக்கிறது யாரு சார்?"

"அவங்க மெம்பர் இல்லியே."

கத்தினேன், கெஞ்சினேன். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். இருவரும் கை தூக்கினார்கள், தீர்மானம் நிறைவேறியது. தலைவர் ஈரமில்லாதவர் அல்லர். வயதாகிவிட்டது, பொறுப்பை ஏற்கப் பின்னால் ஆளில்லை. அது தெரிந்தும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

கதவைத் திறந்தேன். மேல்படியில் இருந்த தம்பி அவசரமாக எழுந்தான்.

"மீட்டிங் முடிஞ்சிருச்சாண்ணே? உள்ள வரலாமா?"

"வாங்க," என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். நாற்காலி போதாமல் பாதிப்பேர் தரையில் உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் இந்தக் கதவு திறக்காது என்பதை யாரிடம் முதலில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.